கேட்டைப் பூட்டிவிட்டேன், கிரேன் உள்ளே நிற்கிறது: இனி என்ன செய்ய?

சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். வயது 38, பத்து வருஷமாகச் சின்னச் சின்னக் கட்டட ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவர். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வயலை மேடாக்கிய இடத்தில் ஒரு நெல் குடோன் வேலை. 40 அடி அகலம், இரும்பு டிரஸ் (கூரையைத் தாங்கும் சட்டம்) வைத்து மேலே ஷீட். டிரஸ் எட்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 900 கிலோ. தூக்கி வைக்க 14 டன் ஹைட்ரா (சுமையைத் தூக்கிக்கொண்டே நகரும் கிரேன்) ஒன்றை ஆபரேட்டரோடு பேசியிருக்கிறார். எட்டு மணி நேர ஷிப்டுக்கு 9,000 ரூபாய், போக வர 3,000. எழுத்தில் ஒன்றும் கிடையாது, போனில் பேசியதுதான், ஒரே ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது. செக்யூரிட்டி என்று கையெழுத்து மட்டும் போட்ட ஒரு வெற்றுச் செக் கொடுத்திருக்கிறார்.

முதல் நாள் ஐந்து டிரஸ் ஏறிவிட்டது. இரண்டாம் நாள் ஆறாவதைத் தூக்கிக்கொண்டு நகரும்போது இடது முன் சக்கரம் மண்ணுக்குள் இறங்கி, வண்டி சாய்ந்து, டிரஸ் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் விழுந்து 22 அடிச் சுவர் போய்விட்டது. டிரஸ் பிடிக்க நின்ற ஒரு பையனுக்குக் கால் முறிவு, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்திருக்கிறார்கள். வேறொரு வண்டி வந்து ஹைட்ராவை நிமிர்த்தியது. அன்று சாயங்காலமே தம்பி கேட்டைப் பூட்டிவிட்டார். இன்றைக்குப் பதினோரு நாள். கிரேன்காரர் ரிப்பேர் 3,85,000, நிமிர்த்த வந்த வண்டிக்கூலி, நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை என்று பில் அனுப்பி, கொடுக்காவிட்டால் செக்கைப் போடுவேன் என்கிறார். இது போதாதென்று, அதே வாரத்தில் இவருக்கு வந்த எம் சாண்ட் (கல் உடைத்த மணல்) லாரியை, கனிமம் கொண்டுபோவதற்கான நடைச்சீட்டு இல்லையென்று பிடித்துவிட்டார்கள், அபராதத்தை நீங்கள் கட்டுங்கள் என்கிறாராம் மணல் கொடுத்தவர்.

"14 டன் தூக்குற வண்டி 900 கிலோவைத் தூக்க முடியாம விழுந்தா அது வண்டிக் கோளாறுதானே அண்ணாச்சி? நஷ்டத்தைக் குடுத்துட்டு வண்டிய எடுத்துட்டுப் போகட்டும்" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் கடிதத்தை இரண்டு தடவை படித்ததில் உங்கள் வழக்கைத் தூக்குகிற விஷயமும் கவிழ்க்கிற விஷயமும் நீங்கள் பெரிதாக எழுதிய இடங்களில் இல்லை. மூன்றாவது பக்கத்தில் ஓரமாக ஒரு வரி இருக்கிறது: "அந்த இடத்துல முன்னாடி ஒரு பாழுங்கிணறு இருந்துச்சு, ரெண்டு வருஷம் முன்ன மூடிட்டோம்." அதற்கு வருகிறேன். அதற்கு முன் அவசரமான ஒன்று.

முதலில் பூட்டைத் திறங்கள்

நாளைக் காலையிலேயே திறங்கள். நஷ்டத்துக்கு ஈடாகப் பொருளைப் பிடித்து வைக்க உரிமை உண்டு என்று நம் பக்கத்தில் எல்லோரும் நினைக்கிறோம். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை இருக்கத்தான் செய்கிறது. அது தையல்காரருக்கும் மெக்கானிக்குக்கும் உள்ளது: கொடுத்த பொருளில் தன் உழைப்பையும் திறமையையும் போட்டவர், கூலி வரும்வரை அந்தப் பொருளை வைத்துக்கொள்ளலாம். நீங்கள் அந்தக் கிரேனில் என்ன வேலை செய்தீர்கள்? ஒன்றுமில்லை. அதனால் உங்களுக்கு அந்த உரிமை கிடையாது.

இதில் இன்னொரு கெடுதல் இருக்கிறது. ஆபரேட்டரோடு வாடகைக்கு எடுத்த வண்டி, சாவி ஆபரேட்டரிடம் இருக்கிற வரை, கிரேன் முதலாளியின் கைவசம்தான் இருக்கிறது என்று வாதாட உங்களுக்கு நல்ல இடம் உண்டு. வண்டியை உங்களிடம் ஒப்படைத்தார்கள், அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுடையது என்ற பேச்சு அப்போது எடுபடாது. ஆனால் பூட்டுப் போட்ட நிமிஷத்திலிருந்து வண்டி உங்கள் கைவசம். பேட்டரி காணாமல் போனாலும் டீசல் குறைந்தாலும் இனி நீங்கள் பதில் சொல்ல வேண்டும். பதினோரு நாள் வாடகை என்று அவர் போட்டிருக்கிற கணக்கில் பெரும்பகுதியை அவருக்குக் கொடுத்ததே உங்கள் பூட்டுதான்.

திறப்பதற்கு முன் வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டரைத் தனியாக எடுங்கள். "இந்தத் தேதியில் வண்டியை எடுத்துப் போகலாம், இதனால் என் உரிமை எதையும் விட்டுக்கொடுக்கவில்லை" என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். எடுக்கும்போது ஊர்க்காரர் இரண்டு பேர் நிற்கட்டும்.

அந்தக் கிணறு

14 டன் என்று வண்டியில் எழுதியிருப்பதை வைத்துத்தான் நீங்கள் முழுக் கடிதத்தையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த 14 டன், பூமை (கிரேனின் நீளும் கையை) முழுக்க உள்ளே இழுத்து, சுமையை வண்டியை ஒட்டிப் பிடித்துத் தூக்கும்போது மட்டும்தான். பூம் நீள நீளத் தூக்கும் சக்தி இறங்கிக்கொண்டே போகும். இரண்டு மீட்டர் தள்ளி 8 டன் தொங்குவதும், எட்டு மீட்டர் தள்ளி 2 டன் தொங்குவதும் வண்டியைக் கவிழ்க்கிற கணக்கில் ஒன்றுதான். ஒவ்வொரு வண்டிக்கும் லோடு சார்ட் என்று ஒரு அட்டவணை உண்டு, கேபினுக்குள் ஒட்டியிருக்க வேண்டும். போட்டோ எடுக்கும்போது அதையும் எடுத்து வையுங்கள்.

அந்த அட்டவணை முழுவதும் கெட்டியான, சமமான தரையில் வண்டி நிற்கிறது என்ற அனுமானத்தில் போட்டது. ஹைட்ரா சுமையோடு நகரும்போது, அந்தச் சுமை மட்டுமல்ல, வண்டியின் சொந்த எடையிலும் பெரும்பகுதி முன் சக்கரங்கள் மேல்தான் இறங்கும். கட்டட இடிபாட்டையும் வயல் மண்ணையும் கொட்டி மூடிய கிணறு, அடி அடியாகத் தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்தியிருந்தால் தவிர, இரண்டு வருஷத்தில் இறுகாது. மேலே சரள் போட்டால் பார்க்கக் கெட்டித் தரை மாதிரிதான் இருக்கும். ஐந்து டிரஸ் ஒழுங்காக ஏறியதற்குக் காரணம், அந்த ஐந்துக்கும் வண்டி கிணற்றுப் பக்கம் போகவில்லை என்பதாகத்தான் இருக்கும். 900 கிலோ டிரஸ் அந்த வண்டிக்குப் பெரிய சுமையில்லை. விழுந்ததற்கு வண்டிக் கோளாறு காரணம் என்று எந்த இன்ஜினியரும் எளிதில் எழுதித் தரமாட்டார்.

ஆகவே கேள்வி இதுதான்: கிணறு இருந்ததை ஆபரேட்டரிடம் சொன்னீர்களா? இதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. சொல்லவில்லை என்றால், உங்களுக்கு மட்டும் தெரிந்த ஆபத்தை மறைத்ததாகத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் ஆரம்பிப்பார், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் ஆரம்பிப்பேன். சொல்லியிருந்து, "பாத்துக்கலாம் அண்ணாச்சி" என்று அவர் வண்டியை விட்டிருந்தால் கதை தலைகீழ். சொன்னபோது கூட யார் நின்றார்கள், முந்தின நாள் யாராவது காலால் வட்டம் போட்டுக் காட்டினார்களா, ஞாபகம் புதிதாக இருக்கும்போதே எழுதி வையுங்கள். நடக்காததை எழுத வேண்டாம்.

உங்கள் பக்கம் பேசுகிற விஷயமும் இருக்கிறது. வாடகைக்கு எடுத்தவன்தான் ஆபரேட்டருக்கும் முதலாளி, அதனால் அவன் செய்த தப்பு உன் தப்பு என்று கிரேன்காரர் சொல்கிறாராம். இது பழைய சண்டை, அதுவும் கிரேனை வைத்தே நடந்த சண்டை. லிவர்பூல் துறைமுகத்தில், துறைமுக நிர்வாகம் ஆபரேட்டரோடு ஒரு கிரேனைச் சரக்கு ஏற்றும் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டது. வாடகைக்கு எடுத்தவரின் வேலைக்காரராகவே ஆபரேட்டர் கருதப்படுவார் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. ஒருவருக்கு அடிபட்டது. 1946-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை, எதைத் தூக்கு, எங்கே வை என்று மட்டும்தான் வாடகைக்காரர் சொல்ல முடியும், லிவரை எப்படி இழுப்பது என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு மாறவில்லை, அதனால் துறைமுக நிர்வாகமே பொறுப்பு என்று சொல்லிவிட்டது. நம் நீதிமன்றங்களும் யார் கையில் கட்டுப்பாடு என்ற இதே கேள்வியைத்தான் கேட்கின்றன. உங்களிடம் அப்படி ஓர் எழுத்தே இல்லை. சக்கரம் போகும் பாதையை நடந்து பார்ப்பது, சுமையைத் தாழ்வாக வைத்து மெதுவாக நகர்த்துவது, கீழே ஆளில்லாமல் பார்ப்பது எல்லாம் ஆபரேட்டர் வேலை. தரையைப் பற்றித் தெரிந்ததைச் சொல்வது உங்கள் வேலை. பொறுப்பு இரண்டு பக்கமும் பிரியும் என்றுதான் எனக்குப் படுகிறது. எவ்வளவு பிரியும் என்பது நான் மேலே கேட்ட கேள்விக்கான பதிலைப் பொறுத்தது.

அவர் ஏன் இன்சூரன்ஸில் கேட்காமல் உங்களைத் துரத்துகிறார் தெரியுமா? கிரேன், ஜேசிபி மாதிரி வண்டிகளுக்கான மோட்டார் பாலிசியில் ஐஎம்டி 47 என்று ஒரு ஷரத்து வரும். கருவியாக வேலை செய்யும்போது வண்டி கவிழ்ந்தால் அந்தச் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று அதில் இருக்கும். கவிழ்வதற்குக் காப்பு வேண்டுமென்றால் அதற்கென்று தனியாகக் காப்பு எடுத்திருக்க வேண்டும். அவர் எடுக்காமல் விட்ட காப்புக்கு நீங்கள் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. பாலிசி நகலை எழுத்தில் கேளுங்கள். தூக்கும் இயந்திரத்தைத் தகுதியுள்ளவர் சோதித்துக் கொடுத்த சான்றையும், ஆபரேட்டர் லைசென்ஸையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். காற்று அடிக்கிறது என்று ஆபரேட்டர் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததையும் பில்லில் போட்டிருக்கிறார் என்று பொருமியிருந்தீர்கள். ஆனி, ஆடியில் நம் பக்கம் அடிக்கிற காற்றுக்கு 40 அடி டிரஸை உயரத்தில் தொங்கவிடாமல் நிறுத்தியவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்துவிடுங்கள், தம்பி.

வெற்றுச் செக்

தொகை எழுதாத செக் செல்லாது என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். தப்பு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கை அவர் நிரப்பிப் போட்டாலும், கடனுக்காகக் கொடுத்தது என்ற அனுமானத்தில்தான் நீதிமன்றம் தொடங்கும். இல்லை என்று காட்டுவது உங்கள் பாடு. பாங்கில் ஸ்டாப் பேமெண்ட் கொடுத்துவிட்டால் தப்பித்தோம் என்பதும் தப்பு, அப்படித் திரும்பும் செக்குக்கும் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வழக்கு வரும். திரும்பி வந்த தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் விடுவார், கிடைத்ததிலிருந்து 15 நாள் உங்களுக்கு, அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் அவர் கோர்ட்டுக்குப் போகலாம். நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அவர் செக்கைப் போடும் முன்னாலேயே நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். தகராறில்லாத தொகை எது? ஓடிய இரண்டு நாள் வாடகை, போக வரக் கூலி. அதைப் பாங்க் மூலம் இன்றே அனுப்புங்கள், கையில் கொடுக்க வேண்டாம். செக் நம்பரைக் குறிப்பிட்டு, இது வாடகைக்கு மட்டும் கொடுத்த செக்யூரிட்டி, வாடகை தீர்ந்துவிட்டது, செக்கைத் திருப்பித் தரவும் என்று நோட்டீஸ் விடுங்கள். செக்கைப் போடுகிற அன்றைக்கு நீங்கள் சட்டப்படி கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பதுதான் அந்த வழக்கின் உயிர். ரிப்பேர்ச் செலவை இன்னும் எந்தக் கோர்ட்டும் தீர்மானிக்கவில்லை. வாடகையைப் பிடித்து வைத்தால் வேறு தொல்லையும் உண்டு: அவர் உத்யம் என்கிற மத்திய அரசுப் பதிவு செய்த சிறுதொழிலாக இருந்தால், எழுத்தில் கெடு எதுவும் பேசாததால், 15 நாளுக்கு மேல் நிற்கும் பாக்கிக்குக் கூட்டு வட்டி கேட்கலாம்.

கால் முறிந்த பையன்

இந்த இடத்தில்தான் உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம். "அவன் வெல்டிங் கான்ட்ராக்டர் கூட்டிட்டு வந்த ஆள், எனக்குச் சம்பந்தமில்ல" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். சட்டம் அப்படிக் கடக்காது. 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஆகட்டும், அதன் இடத்துக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு ஆகட்டும், உங்கள் வேலையின் ஒரு பகுதியை இன்னொருவரிடம் உள்குத்தகை விட்டாலும் அவருடைய ஆளுக்கு முதலில் நீங்கள்தான் பொறுப்பு. கொடுத்துவிட்டு வெல்டிங்காரரிடம் நீங்கள் வசூலிக்கலாம். வைத்தியச் செலவும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான தொகையும், கால் பழையபடி ஆகாவிட்டால் அதற்கான இழப்பீடும் வரும். தாமதித்தால் வட்டியும் அபராதமும் சேரும். கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டை அவனிடம் இருக்கிறதா என்று கேளுங்கள், வாரியத்தில் விண்ணப்பிக்க உதவி செய்யுங்கள்.

ஸ்டேஷனில் பேசி முடித்து எஃப்ஐஆர் வேண்டாம் என்று விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இது பையனுக்கும் கெடுதல், உங்களுக்கும் கெடுதல். கிரேன் பதிவு செய்யப்பட்ட மோட்டார் வாகனம், மூன்றாம் நபர் காப்பு கட்டாயம். பையன் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அல்லது தொழிலாளர் இழப்பீடு கேட்கலாம், இரண்டில் ஒன்றுதான். தீர்ப்பாயம் என்றால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அது பொது இடமில்லை, சைட்டுக்குள் நடந்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனி நிச்சயம் தகராறு செய்யும், ஆனாலும் எஃப்ஐஆர் இல்லாமல் அந்தக் கதவைத் தட்டவே கஷ்டம். ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கும், அதன் நகலோடு ஸ்டேஷனுக்குப் போங்கள். ஒரு தடவை போய்ப் பையனைப் பார்த்துவிட்டும் வாருங்கள், அதற்குச் சட்டம் தேவையில்லை.

சுவர் விஷயத்தில் யார் பங்கு எவ்வளவு என்று பக்கத்து வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, உங்கள் இருவரில் யாரிடமும் முழுவதும் கேட்கலாம். 22 அடிச் சுவர்தானே, உங்கள் கொத்தனாரே மூன்று நாளில் எழுப்பிவிடுவார். கட்டிக் கொடுத்து, எழுதி வாங்கிக்கொண்டு, அந்தச் செலவைக் கிரேன்காரர் கணக்கில் உங்கள் பக்கமாக எழுதுங்கள்.

மணல் லாரி

தாமிரபரணியில் மணல் அள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2010-இல் தடை போட்டதிலிருந்து நம் பக்கம் கல் உடைக்கும் கிரஷரை நம்பித்தான் வீடு எழும்புகிறது. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து உயிர் போனதும் ஆய்வு வந்து குவாரிகள் நின்றன, 2025 ஏப்ரலில் கனிம நில வரி வந்ததும் கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் தட்டுப்பாடு வரும், யூனிட் விலை ஏறும், யாரோ ஒருவர் "ராத்திரி அனுப்புறேன், ரேட்டு கம்மி" என்பார். நீங்களும் அப்படித்தான் வாங்கியிருக்கிறீர்கள், கடிதத்தில் சொல்லாவிட்டாலும் தெரிகிறது.

நடைச்சீட்டு எடுப்பது அனுப்புகிறவர் வேலை, அபராதம் அவர் தலையில்தான் விழ வேண்டும். ஆனால் கனிமச் சட்டம் அனுமதியில்லாமல் கொண்டுபோகிறவரை மட்டுமல்ல, கொண்டுபோகச் செய்கிறவரையும் இருப்பு வைக்கிறவரையும் சேர்த்தே சொல்கிறது. அதனால் உங்கள் பெயரில் அபராதம் கட்டாதீர்கள், அது நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கொடுத்த 1,20,000 அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் விடுங்கள். சைட்டில் ஏற்கெனவே கிடக்கிற லோடுகளுக்குப் பில்லும் நடைச்சீட்டும் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அந்தக் காகிதங்களை வாங்குங்கள்.

முதல் லோடு வெறும் டஸ்ட் மாதிரி இருந்தது, ஆனாலும் தரைக்குப் போட்டுவிட்டோம் என்கிறீர்கள். போட்டபின் திருப்பி எடுத்துக்கொள் என்று சொல்ல முடியாது, நஷ்டம் மட்டும் கேட்கலாம். மீதிக் குவியலில் ஒரு பிடி எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வைத்துப் பாருங்கள், மேலே எவ்வளவு மாவு படிகிறது என்று தெரியும். கோர்ட்டுக்குப் பாட்டில் போதாது, பொறியியல் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் சல்லடைச் சோதனை செய்து வாங்குங்கள். 75 மைக்ரானுக்குக் கீழான தூசி, கல் உடைத்த மணலில் 15 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஐஎஸ் 383 என்ற இந்தியத் தர விதி சொல்கிறது.

நுகர்வோர் கமிஷனுக்குப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வியாபாரத்துக்கு வாங்கினாய் என்று முதல் நாளே ஆட்சேபம் வரும். சுயதொழிலில் வயிறு கழுவுகிறவருக்கு விலக்கு உண்டு, ஆனால் ஆள் வைத்து ஒப்பந்தம் செய்கிற உங்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது சந்தேகம்தான். நான் உங்களை அங்கே அனுப்பமாட்டேன், சிவில் கோர்ட்டுதான் சரி.

அந்த வாட்ஸ்அப் வாய்ஸை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். புதிய சாட்சியச் சட்டம் 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது, அதன்படி சான்றோடு கொடுத்தால் அது செல்லும். போனில் பேசிய ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான்.

இன்னும் மூன்று டிரஸ் தரையில் கிடக்கிறது, குடோன்காரர் அவசரப்படுத்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு வண்டி கூப்பிடும் முன் அந்தக் கிணற்று வட்டத்தை நாலடி கூடுதலாக விட்டுச் சுண்ணாம்புப் பொடி போட்டுக் கோடு இழுங்கள், நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டுங்கள். வருகிற ஆபரேட்டரைக் கூட்டிப் போய்க் காட்டி, காட்டினதைப் போட்டோ எடுத்து அவர் முதலாளிக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அப்புறம் ஷிப்டைத் தொடங்கச் சொல்லுங்கள்.